ஸ்க்ரூ சுற்றிய கடதாசி

போன கிழமை கடைப் பக்கம் வந்தேன். என்னிடம் வேலை பழகும் உங்களில் ஒருவன், பெயர் சொல்ல மாட்டேன், அவனுக்கே தெரியும், ஒரு வாடிக்கையாளரோடு நின்றுகொண்டிருந்தான். அந்த மனுசி, "தம்பி, இன்டர்நெட் போட்டா இது நிண்டு போகுது..." என்று தொடங்கினார். அவர் அடுத்த சொல்லை எடுப்பதற்குள் இவன் கொம்பியூட்டர்ப் பெட்டியைக் கவிழ்த்து மூடியைக் கழற்றிவிட்டான். மனுசி மீதியைச் சொல்ல வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு மூடிக்கொண்டார்.

அவனை நல்லாய்த் திட்டவேண்டும் என்று நானும் வாயைத் திறந்தேன். திட்டவில்லை. என் வாழ்க்கையில் நான் திட்டாமல் விட்டவர்கள் மிகக் கொஞ்சப் பேர். அவன் அதில் சேர்ந்ததற்குக் காரணம், அந்தப் பிழையை என்னை விடப் பெரிதாகச் செய்தவன் கல்முனையில் கிடையாது. ஆகவே அதை எழுதித் தருகிறேன். வாசித்துவிட்டுத் திருந்துங்கள். இல்லாவிட்டால் வேறு தொழில் பாருங்கள். பக்கத்தில்தான் கடல், மீன் கிடக்கிறது.

இணையத்துக்குப் போனால் மட்டும் நின்றுபோகும் கொம்பியூட்டர் என்பது நம்மை ஏமாற்றவென்றே பிறந்த பழுது. சும்மா கிடக்கும்போது ஓடும். படம் போட்டால் ஓடும். கணக்கு எழுதினால் ஓடும். இணையத்தில் ஏறியதும் செத்துவிடும். உடனே நம் மூளை முழுக்க அந்த ஒரு சொல்லில் போய் ஒட்டிக்கொள்கிறது. இணையம். ரவுட்டரைக் குற்றம் சொல்கிறோம், வைரஸைக் குற்றம் சொல்கிறோம். யாரும் இல்லாவிட்டால் பாவிக்கிறவரைக் குற்றம் சொல்கிறோம்.

எனக்கு இதில் ஒரு தலைக்கனமும் இருந்தது. நாவிதன்வெளிப் பக்கம் ஒரு நெல் ஆலையின் அலுவலகத்தில் இதே முறைப்பாடு. மூன்று பேர் வந்து பார்த்துத் தோற்றுப்போன பெட்டி. நான் போய் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தேன். உள்ளே வைரஸைத் தடுக்கிற மென்பொருள், அதுதான் வைரஸ் கார்ட், இரண்டு இருந்தன. ஒரே வீட்டில் இரண்டு மருமகன்மாரைக் குடிவைத்தது போல ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு கிடந்தன. ஒன்றை வெளியே அனுப்பினேன், பெட்டி ஓடியது. ஆலைக்காரர்கள் என்னை ஒரு டொக்டரைப் போலப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் நாலு வருடம் சுமந்து திரிந்தேன். இந்தப் பழுதென்றால் கல்முனையில் நான்தான் என்று நினைப்பு. அந்த நினைப்போடுதான் மருதமுனைக்காரரின் பெட்டி என் மேசைக்கு வந்தது.

கொண்டுவந்தவர் ஓய்வு பெற்ற பஸ் சாரதி. ஹஜ்ஜுக்குப் போய்வந்த பிறகு ஊரில் எல்லாரும் ட்ரைவர் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்முனையிலிருந்து பதினெட்டு வளைவு மலைப்பாதை ஏறிக் கண்டிக்குப் பஸ் ஓட்டியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வந்து இறங்கினார்.

"தம்பி, மகள் நஸ்மியாட பெட்டி. கெம்பஸ்ல கணக்குப் படிச்சவ. வெளிநாட்டுல இரிக்கிற நம்மட தமிழ்ப் புள்ளையளுக்கு ஒன்லைன்ல கணக்குப் படிப்பிக்க ஒரு இடத்தில கேட்டிரிக்காங்க. மூணு சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கி மாதிரிப் பாடம் எடுத்துக் காட்டணும். நேத்து முதலாவது. பாதியில பெட்டி நிண்டுட்டு."

"மறுகா என்ன நடந்த?"

"மறுகா என்ன, அவ அழுதா. அடுத்த சனிக்கிழமையும் அதுக்கடுத்ததும் இரிக்கி. அதுவும் இப்பிடிப் போனா வேலை இல்ல. ரெண்டு வருசமா வீட்டுல இரிக்கிற புள்ள தம்பி. எப்பிடியாவது செஞ்சி தாங்க."

"எப்பிடி நிக்கிது ஹாஜியார்? நீலமா வருமா, எழுத்து ஏதும் வருமா?"

"ஒண்டும் வரா. பதினெட்டு வளைவில சூடேறின பஸ் நிக்கிற மாதிரி, பொட்டுண்டு நிக்கிது."

நான் சிரித்தேன். "ஹாஜியார், இது பஸ் இல்ல."

இந்த இடத்தில் நிறுத்திச் சொல்கிறேன். உங்களில் கொஞ்சம் மூளையுள்ளவன் இப்போதே சூடு என்று சொல்லியிருப்பான். எனக்கும் தோன்றியது. நான் ஒன்றும் நேற்று வந்தவன் இல்லை. மூடியைக் கழற்றித் தூசி தட்டினேன். இணையத்தில் ஏற்றி, கெமராவையும் போட்டு, ஒரு முழு நாள் ஓடவிட்டுச் சூட்டைப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் போல இருந்தது. சூடு இல்லை என்று அந்தக் கதையை மூடிவிட்டேன். பார்த்தது பிழையில்லை. எங்கே வைத்துப் பார்த்தேன் என்பதுதான் பிழை. என் கடை மேசையில், தலைக்கு மேல் ஃபேன் சுற்ற, வாசல் திறந்திருக்க.

பிறகு வழக்கமான வேலைகள். வைரஸ் கார்டை மாற்றினேன். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினேன். பவர் சப்ளையை மாற்றினேன். ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று உள்ளே பெரிய ஃபேன் ஒன்றும் பூட்டினேன். போட்டதும் உழவு மெசின் மாதிரி இரைந்தது. எனக்கு அந்தச் சத்தம் பிடித்தது. வேலை செய்ததற்கு ஓர் அத்தாட்சி. புதன்கிழமை ஹாஜியார் வந்து எடுத்துப் போனார்.

அடுத்த ஞாயிறு காலையில் தொலைபேசி வந்தது. பஸ்ஸில் நடத்துநரைக் கூப்பிட்ட குரல் அது, சும்மாவே பக்கத்து ஊருக்குக் கேட்கும்.

"என்னத்தத் திருத்தினீங்க தம்பி? முந்தி அரைவாசிப் பாடம் வரைக்கும் ஓடின பெட்டி. நேத்து பிஸ்மி சொல்லித் தொடங்கி ஒரு கணக்கு முடியல்ல, நிண்டுட்டு! புள்ள சோறு தின்னல்ல!"

"நான் நாள் முழுக்க ஓட்டிப் பாத்தேன் ஹாஜியார்."

"உங்கட கடையில ஓடி எங்களுக்கு என்ன? எங்கட வீட்டுல ஓடணும்!"

இதை விடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்ல முடியாது. பஸ் ஓட்டியவர் சொன்னார். பெட்டி திருத்துகிறவனுக்கு விளங்கவில்லை.

திங்கட்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதமுனைக்குப் போனேன். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போனேன். வீடு பெருநாள் வீடு போல இருந்தது. கூட்டித் துடைத்து, ஜன்னல் எல்லாம் திறந்து, பெட்டி இருந்த அறையில் ஃபேனை உச்சத்தில் விட்டிருந்தார்கள். மேசையில் ஒரு தூசி இல்லை. வட்டிலப்பம், தேநீர். பக்கத்து வளவில் கைத்தறிப் பட்டறை. நாலு தறி ஒரே நேரத்தில் டக்கடி டக்கடி என்று அடித்துக்கொண்டிருந்தது. நானும் ஹாஜியாரும் ஒருவர் காதுக்குள் ஒருவர் கத்திக் கதைத்தோம்.

நஸ்மியா வெளியே வரவில்லை. தாயும் குசினியில் அடுப்புப் பக்கமே நின்றார். எல்லா வீட்டிலும் அப்படியில்லை, சில வீட்டில் பெண்கள் முன்னுக்கு வந்து நம்மை விசாரிப்பார்கள், சில வீட்டில் உள்ளே இருப்பார்கள். அது அவர்கள் வழக்கம், அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. முறைப்பாடு என் மேல்தான். பாவிக்கிற ஆளிடம் ஒரு கேள்வி கேட்டனுப்புங்கள் என்று தகப்பனிடம் சொல்வதற்கு எந்த வழக்கமும் தடையில்லை. நான் சொல்லவில்லை. முப்பது வருடமாக எந்த வீட்டுக்குப் போனாலும் ஆம்பிளையோடு கதைத்துவிட்டுப் பெட்டியைக் கழற்றுவதுதான் என் பழக்கம். ஹாஜியாருக்கு அந்தப் பெட்டியை எங்கே தட்டினால் எரியும் என்றுகூடத் தெரியாது. அவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

இணையத்தில் ஏற்றினேன். கெமராவைப் போட்டேன். இரண்டு மணித்தியாலம். பெட்டி உழவு மெசின் போல இரைந்தது, நிற்கவில்லை. வட்டிலப்பம் முடிந்தது. எனக்குக் கோபம் ஏறியது. பழுது கண்ணில் படாவிட்டால் எனக்குக் கோபம் பழுதின் மேல் வராது, மனிதர் மேல்தான் வரும்.

"ஹாஜியார், பெட்டியில ஒரு குறையுமில்ல. புள்ள இன்டர்நெட்டில கண்டது நிண்டதெல்லாம் இறக்குது போல. அதைக் கொஞ்சம் பாத்துக்கங்க."

தறிச் சத்தத்துக்கு மேலால் கத்திச் சொன்னதால் அது வீடு முழுக்கக் கேட்டது. உள்ளறைக் கதவு டமார் என்று சாத்துப்பட்டது. ஹாஜியார் உள்ளே போனார். ஏதோ கதை நடந்தது. திரும்பி வந்து மடித்த கொப்பித் தாள் ஒன்றை நீட்டினார்.

"இத உங்கள வாசிக்கட்டாம்."

"வாசிக்கிறேன்."

வாசிக்கவில்லை. கோபத்தோடு மூடியைக் கழற்றி இணைய அட்டையை மாற்றினேன். பழையதைக் கழற்றியதில் நாலைந்து ஸ்க்ரூ மிஞ்சியது. அவற்றைப் போட ஏதாவது வேண்டுமே. கையில் இருந்தது அந்தத் தாள்தான். சுற்றி முறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்கள் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறது, கண்டிருக்கிறேன். ஸ்க்ரூவைக் கையில் அகப்பட்ட கடதாசியில் சுற்றுகிறீர்கள். சின்னச் சின்ன டப்பி வாங்கி வையுங்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடையைத் திறந்தேன். ஒரு ஸ்க்ரூ தேவைப்பட்டது. பைக்குள் கைவிட்டு அந்த முறுக்கை அவிழ்த்தேன். உள்ளே ஸ்க்ரூ மட்டுமில்லை. கோடு போட்டு, கட்டம் கட்டி, அச்சடித்தது போன்ற கையெழுத்தில் பதின்மூன்று வரி. முதலாவது பாடத்துக்கு ஒரு கிழமை முன்பிருந்தே அந்தப் பிள்ளை தன் சிநேகிதியோடு தினமும் பேசிப் பழகிப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தரமும் எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை நிமிடத்தில் நின்றது என்று எழுதியிருக்கிறாள். இருபத்திரண்டு. இருபத்தொன்று. இருபத்திமூன்று. பிறகு ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, "திருத்திய பின்" என்று எழுதியிருந்தது. பன்னிரண்டு. பதின்மூன்று. பன்னிரண்டு.

திருத்திய பின்! நான் திருத்திய பிறகு பாதியாகக் குறைந்திருக்கிறது. எனக்குக் காது சுட்டது. அந்த வெட்கத்தோடு இன்னொரு தரம் வாசித்தபோதுதான் கண்டேன். இரண்டே இரண்டு வரியில் "நிற்கவில்லை" என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தாள். ஒன்று நான் திருத்துவதற்கு முன், ஒன்று பின். இரண்டும் வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமையில் மட்டும் பழுதாகாத கொம்பியூட்டரை நான் அதுவரை கண்டதில்லை.

ஹாஜியாருக்குப் போன் எடுத்தேன். "மகளுக்கிட்டக் குடுங்க."

"எனக்கிட்டச் சொல்லுங்க தம்பி, நான் சொல்றன்."

"உங்களுக்கிட்டச் சொல்லித்தான் ரெண்டு கிழமை வீணாப் போச்சு. பக்கத்தில நிண்டுக்கங்க. மகளுக்கிட்டக் குடுங்க."

போன் கை மாறியது. பிறகு ஒரு பெண் குரல், அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டது.

"சொல்லுங்க காக்கா. நான் கண்டது நிண்டதெல்லாம் இறக்கிற ஆள்தான்."

"அதை விடுங்க புள்ள. இந்தக் கடதாசியப் பாத்தேன்."

"எப்ப? இப்பயா?"

"...இப்பதான்."

"திங்கக்கிழமை தந்தது. இண்டைக்கு வெள்ளி. நாளைக்கு எனக்கு நாலு மணிக்குக் கடைசிப் பாடம்."

"ஏசிறத மறுகா ஏசுங்க. வெள்ளிக்கிழமை என்ன செய்றீங்க, மத்த நாள் என்ன செய்றீங்க? வித்தியாசம் என்ன?"

"அதைத்தானே நானும் கேக்கிறன்! உம்மா சொல்றா ஜும்ஆ நாள் பறக்கத்துள்ள நல்ல நாளாம். ஒரே சிநேகிதி, ஒரே நேரம், ஒரே பாடம். ஒரு வித்தியாசமும் இல்ல. வெள்ளிக்கிழமை பக்கத்துல தறி ஓடா, அவ்வளவுதான்."

"தறி ஓடினா?"

"ஓடினா என்ன, அந்தச் சத்தத்தில ஆர் கணக்குப் படிக்கிற? ஜன்னல், கதவு எல்லாம் சாத்துவன். ஃபேன் இரைச்சலும் கேக்குதாம் எண்டு அதையும் நிப்பாட்டுவன். வெள்ளிக்கிழமை எண்டா எல்லாம் திறந்துதான் கிடக்கும்."

நான் கதிரையில் உட்கார்ந்தேன். பதினெட்டு வளைவு ஞாபகம் வந்தது.

"புள்ள, நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்குச் சிநேகிதியோட ஒருக்காப் பேசுங்க. மத்த நாளில எப்பிடிச் செய்றீங்களோ அப்பிடியே செய்ங்க. நான் வாறன் எண்டு உம்மாக்குச் சொல்ல வேணா. வாப்பாக்கும் சொல்ல வேணா."

"வாப்பா பக்கத்துலதான் நிக்கிறார். நீங்கதான் நிக்கச் சொன்னீங்க."

சனிக்கிழமை ஒன்பது பத்துக்கு அந்த வீட்டு வேலிக் கடப்பில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. வீடு மூடிக் கிடந்தது. முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த தாய் என்னைக் கண்டதும், "யா அல்லாஹ், கொம்பியூட்டர்த் தம்பி வாறாரு, வீடு கிடக்கிற கிடைக்கி!" என்று சுளகைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

"ஒண்டையும் தொடாதீங்க!" என்று நான் பின்னால் கத்தினேன். தறிகள்கூட ஒரு கணம் நின்றது போல இருந்தது. ஹாஜியார் சாரத்தை இறுக்கிக்கொண்டு வந்தார். அவர் அறைக் கதவைத் தட்டித் திறக்க, நான் வாசலில் நின்று பார்த்தேன்.

அறையிலிருந்து பேக்கரி போறணையைத் திறந்தது போலச் சூடு முகத்தில் அடித்தது. ஜன்னல் சாத்தி, அதற்கு மேல் கனத்த திரைச்சீலை. ஃபேன் நின்றிருந்தது. நஸ்மியா வியர்த்துக் கொட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். மேசைக்குக் கீழே பெட்டியைக் காணவில்லை. பெட்டி இருக்கவேண்டிய இடத்தில் பக்கத்துப் பட்டறையிலே நெய்த தடித்த கட்டில் விரிப்பு ஒன்று, இரண்டாக மடித்து, நாலு பக்கமும் நன்றாகச் செருகி, காய்ச்சல்காரனைப் போர்த்தியது போல இருந்தது. அதற்கு அடியில் என் பெரிய ஃபேன் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

"இது என்ன?"

தாய் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "நீங்க திருத்தித் தந்த பொறவு பெரிசா இரையுது தம்பி. ஒன்லைன்ல அந்தப் பக்கம் இரிக்கிற புள்ளைக்கிச் சத்தம் கேக்குதாம். முந்தி மெல்லிசாப் போர்த்தின. இப்ப மடிச்சிப் போர்த்திற."

"நான் போன தரம் வந்தப்ப இது இல்லையே!"

"வீட்டுக்கு ஆள் வாற நேரம் ஆரும் பெட்டியைப் போர்த்தி வைப்பாங்களா? மரியாதைக்குக் கழட்டிட்டன். ஜன்னலையும் திறந்து ஃபேனையும் போட்டு வச்சன். நீங்க வேர்க்கக் குடாது எண்டு."

எனக்குத் தந்த மரியாதையெல்லாம் பெட்டிக்குத் தந்த வைத்தியம். நான் போகும் நாளில் அது சுகமாக இருக்கும், நான் போனதும் போர்வைக்குள் போய்விடும். நான் விரிப்பில் கை வைத்தேன். கையை எடுத்தேன். அந்த நேரம் பார்த்துப் பெட்டி பொட்டென்று நின்றது.

நான் சிரித்தேன். ஒரு கொம்பியூட்டர் கண்முன்னே செத்ததற்கு நான் வயிறு குலுங்கச் சிரித்தது அன்றைக்குத்தான். நஸ்மியா மணிக்கூட்டைப் பார்த்து, "பன்னிரண்டு நிமிசம்" என்றாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள். ஹாஜியார் மட்டும் சிரிக்கவில்லை. "நான் முதல் நாளே சூடேறின பஸ் எண்டு சொன்னனா இல்லையா?" என்றார். சொன்னார்.

காரணம் கிடைத்ததோடு வேலை முடிந்துவிடாது தம்பிமாரே. பலர் அங்கேதான் கையைத் தட்டிக்கொண்டு எழும்புவார்கள். இன்னும் ஆறரை மணித்தியாலம் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் தறிச் சத்தம். மூடினால் சூடு. நான் உடனே பட்டறைப் பக்கம் நடக்கத் தொடங்கினேன்.

"எங்க காக்கா போறீங்க?" என்று நஸ்மியா கேட்டாள்.

"ஒரு மணித்தியாலம் தறிய நிப்பாட்டச் சொல்ல."

"எப்பிடிச் சொல்லுவீங்க?"

"நிப்பாட்டுங்கடா எண்டு சொல்லுவேன்."

"நாலு குடும்பம் சாப்பிடுற தறி. அவங்கட வேலைய நிப்பாட்டித்தான் நான் வேலை எடுக்கணுமா? சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நிப்பாட்டுவாங்களா? வேற வழி பாருங்க."

கணக்குப் படித்த பிள்ளை. ஒரு நாளைக்கு மட்டும் சரிவருகிற விடையை அவள் விடையாகவே எடுக்கவில்லை. நான் திரும்பி வந்து அறையைச் சுற்றிப் பார்த்தேன். அறைக்கும் குசினிக்கும் நடுவே ஒரு சுவர். சுவரின் மேலே காற்றுப் போக விட்ட நாலு ஓட்டைக்கல். சத்தம் போடுவதும் சூடாவதும் பெட்டிதான். அது இந்த அறையில் இருக்கவேண்டும் என்று யார் சொன்னது?

கல்முனைக்கு ஓடிப்போய் நீளமான வயர்கள் எடுத்து வந்தேன். ஓட்டைக்கல் வழியாக விட்டோம். திரையும் தட்டச்சுப் பலகையும் கெமராவும் அறைக்குள். பெட்டி குசினியில், அரிசி வாளிக்குப் பக்கத்தில், வாங்குப் பலகையின் மேல், உடுப்பில்லாமல். வயர் போக மிஞ்சிய ஓட்டைகளை அடைக்க அந்தக் கட்டில் விரிப்பையே கேட்டேன். தாய் கொஞ்சம் வெட்கத்தோடு தந்தார். இரண்டாக மடித்துச் செருகினோம்.

"அப்ப குசினியில நான் அடுப்பு மூட்டக்குடாதா?"

"நாலு மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும் ஒரு கங்கும் இரிக்கக்குடாது."

"பெட்டிக்கு நோன்பு பிடிக்கணும் எண்டு சொல்றீங்க" என்றார் தாய்.

ஹாஜியார் அஸர் தொழுதுவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். நாலு மணிக்கு நஸ்மியா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஃபேன் இல்லாமல் அவளுக்கு வேர்க்கத்தான் போகிறது. ஆனால் மனிதர் வேர்த்தால் துடைத்துக்கொள்ளலாம். நாங்கள் மூன்று பேரும் குசினியில். பெட்டிக்கு நேரே ஒரு மேசை ஃபேனும் வைத்திருந்தேன். தாய்க்கு அது போதவில்லை. "நான்தானே போர்த்தின" என்று சொல்லி, ஓலை விசிறியை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் குந்திவிட்டார்.

நாலு பன்னிரண்டு. மூன்று பேரும் மூச்சுவிடவில்லை. பெட்டி இரைந்தது. நாலு இருபது. ஹாஜியார் என் காதுக்குள் வந்து, "ஒம்பதாவது வளைவு தாண்டிட்டு" என்றார். நாலு இருபத்திமூன்று. சுவருக்கு அந்தப் பக்கம் நஸ்மியா ஏதோ பின்னக் கணக்கை விளங்கப்படுத்துகிறாள், எங்கேயோ ஒரு பிள்ளை விடை சொல்கிறது, இவள் "சரி, ஏன் எண்டு சொல்லுங்க பாப்பம்" என்கிறாள். நாலு நாற்பது. எனக்குத் தண்ணீர் கேட்கப் பயமாக இருந்தது. நாலு ஐம்பது. ஹாஜியார் கைவிரல்களை மடித்துக்கொண்டிருந்தார். "பதினேழு" என்றார். தாய் கை மாற்றி விசிறினார்.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. நஸ்மியாவின் முகமெல்லாம் வேர்வை.

"உம்மா, போதும். விசிறினது போதும்."

"என்னகா சொன்னாங்க?"

"வாற கிழமையில இருந்து அஞ்சு புள்ளையளாம்."

தாய் விசிறியைக் கீழே போடாமலே மகளைக் கட்டிப்பிடித்தார். ஹாஜியார் குசினிக்கு வெளியே போய் முகத்தைத் துடைத்துவிட்டு வந்து, "கடைசி வளைவும் தாண்டிட்டு தம்பி. இனி இறக்கம்தான்" என்றார்.

நஸ்மியா என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். "என்ட கடதாசி."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஸ்க்ரூ முனைகள் குத்திய நாலு ஓட்டை, கிரீஸ் கறை, மடிப்பு. அதைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல என்ன சுத்தினீங்க?"

"ஸ்க்ரூ."

"பதின்மூணு நாள் எழுதினது."

"ஓம். பிழைதான்." பிறகு, "அண்டைக்குச் சொன்ன கதையும் பிழைதான்" என்று சேர்த்துச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய், அதற்கு அது பெரிய வேலை.

அவள் ஒரு பேனையை எடுத்து வாங்கில் வைத்து இன்னொரு வரி எழுதினாள். தன் போனில் ஒரு படம் பிடித்துக்கொண்டாள். தாளை என்னிடமே திருப்பித் தந்தாள்.

"வச்சிக்கங்க காக்கா. உங்களுக்கு ஸ்க்ரூ சுத்தத் தேவைப்படும்."

அதற்குப் பிறகு நான் யாருடைய பெட்டியையும் முதலில் தொட்டதில்லை. யார் பாவிக்கிறது என்று கேட்பேன். அவர் நேரே வராவிட்டால் போனில் கேட்பேன், அதுவும் முடியாவிட்டால் எழுதித் தரச் சொல்வேன், எழுதித் தந்தால் அங்கேயே நின்று வாசிப்பேன். இணையத்துக்குப் போனால் நிற்கிறது என்று சொன்னால், இணையத்துக்குப் போவதற்கு முன் வீட்டில் என்னென்ன செய்கிறீர்கள் என்று கேட்பேன். போகப்போகிறேன் என்று சொல்லாமல் போவேன். வட்டிலப்பம் குறைந்ததுதான் அதில் ஒரே நட்டம்.

நீங்கள் ரவுட்டர்களை அடுக்கி வைத்திருக்கும் தட்டுக்கு மேலே, சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழைய கொப்பித் தாள் தொங்குகிறது. நாலு ஓட்டையோடு இருக்கும். ஏதோ பழைய பற்றுச்சீட்டு என்று நினைத்து உங்களில் ஒருவனும் அதை நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டான். நாளைக்குக் காலையில் கதிரை போட்டு ஏறி வாசியுங்கள். பதின்மூன்று வரிக்குக் கீழே, பதினான்காவதாக இப்படி எழுதியிருக்கும்:

சனிக்கிழமை. தொடங்கியது 4.00. தறி ஓடியது. நிற்கவில்லை. பெட்டி குசினியில். உம்மா விசிறினா.